வஞ்சினமும் வாகையும்: ஆட்சியாளர்க்கு வழங்கப்பெறும் விருதுகளில் எண்ணமும் வினையும் – காஞ்சிச் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அரசியல் தலைவர்களுக்குப் பெருவிருதுகள் வழங்கப்படும்போது அவர்கள் செய்து முடித்தவை கருதப்பட வேண்டுமா, செய்ய விரும்பியவை கருதப்பட வேண்டுமா என்னும் வினா 2009ஆம் ஆண்டின் நோபல் அமைதிப் பரிசுக்குப் பின்னர் உலக அளவில் வலுப்பெற்றது. இவ்வினாவைத் தமிழ்ப் புறப்பொருள் மரபு, காஞ்சிபுரத்துக் கல்வெட்டுச் சான்றுகள், பெரியபுராணத்தின் பூசலார் வரலாறு, காஞ்சியில் பிறந்த அறிஞர் அண்ணாவின் ஆட்சிக்காலம் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. அதிகாரம் உடையவரின் எண்ணம் தமிழ் மரபில் புகழுக்குரிய பேறாக அன்றி, நிறைவேற்ற வேண்டிய கடனாகவே கொள்ளப்பட்டது என்பதும், அதிகாரமற்றவரின் எண்ணத்திற்கு வேறு அளவுகோல் இருந்தது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: விருது, வஞ்சினம், வாகை, செவியறிவுறூஉ, காஞ்சிபுரம், பூசலார், அறிஞர் அண்ணா, பாரத ரத்னா, நோபல் அமைதிப் பரிசு.

1. முன்னுரை

அமெரிக்கக் குடியரசுத் தலைவராகப் பராக் ஒபாமா 2009 சனவரி 20 அன்று பொறுப்பேற்றார். அவ்வாண்டின் நோபல் அமைதிப் பரிசுக்கான பரிந்துரைகள் பெறப்படும் இறுதி நாள் பிப்ரவரி 1. அக்டோபர் 9 அன்று பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. பன்னாட்டு உறவுகளையும் மக்களிடையேயான ஒத்துழைப்பையும் வலுப்படுத்த அவர் மேற்கொண்ட முயற்சிகள் காரணமாகக் காட்டப்பட்டன. அணு ஆயுதமற்ற உலகம் குறித்து ஏப்ரல் மாதத்தில் பிராகா நகரில் அவர் ஆற்றிய உரை அம்முயற்சிகளுள் முதன்மையானதாக எண்ணப்பட்டது. ஆனால், டிசம்பர் 10 அன்று ஆசுலோவில் பரிசைப் பெறுவதற்கு ஒன்பது நாள்களுக்கு முன்னர்தான் ஆப்கானிசுத்தானுக்கு மேலும் 30,000 படைவீரர்களை அனுப்பும் முடிவை அவர் அறிவித்திருந்தார். தம் பணி தொடக்க நிலையிலேயே உள்ளது என்பதை அவரே ஏற்புரையில் ஒப்புக்கொண்டார்.

இந்நிகழ்வு ஒரு தனிமனிதரின் தகுதி பற்றிய விவாதமாகவே பெரும்பாலும் பேசப்பட்டது. ஆயின் அதன் அடியில் கிடப்பது கோட்பாட்டுச் சிக்கலாகும். விருது என்பது நிகழ்ந்ததற்கான சான்றா, நிகழ வேண்டியதற்கான தூண்டுகோலா? ஆல்பிரட் நோபல் 1895இல் எழுதிய விருப்ப ஆவணம், முந்தைய ஆண்டில் மனித குலத்திற்குப் பெரும்பயன் விளைத்தவர்களுக்கே பரிசு உரியது என்கிறது. அதே ஆவணம் அமைதி மாநாடுகளை ஊக்குவிப்பதையும் தகுதியாகக் கூறுகிறது. எனவே முயற்சிக்கும் அதில் இடமுண்டு. முயற்சி எந்த அளவு முதிர்ந்தால் விருதுக்குரியதாகும் என்பதே எஞ்சும் வினா.

இவ்வினாவுக்குத் தமிழ் மரபு விடை தருமா என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். காஞ்சிபுரம் களமாகக் கொள்ளப்படுவதற்குக் காரணம் உண்டு. பட்டப்பெயர்களைக் கல்லில் நிறைத்த பல்லவனும், மனத்தில் கட்டிய கோயிலால் மன்னனை வணங்கச் செய்த அடியார் பற்றிய வரலாறும், இலட்சியத்தையும் உறுதியையும் பிரித்துச் சொல்லி வாக்குக் கேட்ட அரசியல் தலைவரும் இவ்வொரு நகரோடு தொடர்புடையவர்கள்.

2. புறப்பொருள் மரபில் எண்ணமும் வினையும்

தொல்காப்பியப் புறத்திணையியல் அரசனின் சூளுரையையும் வெற்றியையும் ஒரே திணையில் வைக்கவில்லை. வஞ்சினம் காஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாகிறது. வெற்றிச் சிறப்பு வாகைத்திணைக்கு உரியதாகிறது. தொல்காப்பியரின் வாகை போர் வெற்றியோடு நிற்பதன்று. ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் தொழிலில் பிறரினும் மேம்பட்டு விளங்குதலையே அது குறிக்கிறது. ஆகவே வாகை என்பது மெய்ப்பிக்கப்பட்ட மேம்பாடு எனலாம்.

இப்பகுப்பைப் பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் தொடர்பான புறநானூற்றுப் பாடல்கள் தெளிவாக்குகின்றன. அவன் பாடிய 72ஆம் பாடல் வஞ்சினக்காஞ்சித் துறையில் அமைகிறது. தன்னை இளையன் என இகழ்ந்த பகைவரை வெல்லாவிடின் தனக்கு நேர வேண்டியவற்றை அவனே அதில் அடுக்குகிறான். குடிமக்கள் தன்னைக் கொடியன் எனத் தூற்றட்டும் என்கிறான். மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாது நீங்கட்டும் என்கிறான். இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை தனக்கு வரட்டும் என்கிறான். போர் முடிந்தபின் அவனைப் பற்றி இடைக்குன்றூர் கிழார் பாடிய 76ஆம் பாடல் வாகைத்திணையில் இடம்பெறுகிறது.

இங்குக் கருதத்தக்கது புலவர் பாடுதல் பற்றிய பகுதியாகும். அக்காலத்தில் புலவர் பாடல் பெறுதலே அரசன் எய்தக்கூடிய உயர்ந்த சிறப்பு. அச்சிறப்பை நெடுஞ்செழியன் தன் எண்ணத்திற்கு ஈடாகக் கேட்கவில்லை. எண்ணம் நிறைவேறாவிடில் இழக்க வேண்டிய பிணையாகவே அதனை வைக்கிறான். எண்ணம் அவனைப் பொறுத்தவரை வரவு அன்று, கடன். போரில் வென்றபின் மாங்குடி மருதனார் அவனைத் தலைவனாகக் கொண்டு மதுரைக்காஞ்சி பாடினார். அவனுடைய பெயருக்கு முன் நிலைத்த அடையும் வஞ்சினத்தால் வந்ததன்று, தலையாலங்கானத்துச் செருவால் வந்தது. திணை, துறைக் குறிப்புகள் பாடல்களைத் தொகுத்தோர் காலத்தவை என்று கொண்டாலும், இவ்விரு நிலைகளையும் வேறாகக் காணும் பார்வை மரபில் வேரூன்றி இருந்தது என்பதற்கு அவையே சான்றாகும்.

காஞ்சியோடு தொடர்புடைய 95ஆம் பாடலும் இங்கு எண்ணத்தக்கது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனுடைய படைக்கலக் கொட்டிலைக் காண்கிறார். பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்று, காவலுடைய மனையில் படைக்கருவிகள் பொலிகின்றன. அதியமானின் படைக்கருவிகளோ நுனி முறிந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். புகழ்வது போலத் தொடங்கும் இப்பாடல், பயன்படாத ஆற்றலையும் பயன்பட்டுத் தேய்ந்த ஆற்றலையும் அருகருகே நிறுத்தி, மதிப்பு எதற்கு உரியது என்பதைக் கேட்போரே உணரச் செய்கிறது.

விருது தருவோரின் கடமையைப் பேசுவது 208ஆம் பாடல். மலை பல கடந்து தன்னை நாடி வந்த பெருஞ்சித்திரனாரைக் காணாமலேயே அதியமான் பரிசில் கொடுத்தனுப்புகிறான். அவர் அதனை ஏற்க மறுக்கிறார். தம் தகுதியை அளந்தறிந்து தரப்படுவது தினையளவினதாயினும் இனிது என்பது அவர் கருத்து. அளந்து அறியாமல் தரும் பரிசு, பெறுபவரின் மதிப்பைக் குறைக்கிறது என்னும் இந்நிலைப்பாடு இன்றைய விருதுக் குழுக்களுக்கும் பொருந்தும்.

தொடக்க நிலையில் உள்ள தலைவரை ஊக்குவிப்பதற்கு விருது உதவும் என்னும் வாதம் உண்டு. ஊக்குவிக்கும் தேவையைத் தமிழ் மரபு மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வேறு வடிவத்தை வகுத்திருந்தது. பாடாண் திணையில் அமையும் செவியறிவுறூஉ, வாயுறை வாழ்த்து ஆகிய துறைகள் அத்தகையவை. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் பாடிய 184ஆம் பாடல் செவியறிவுறூஉத் துறையில் அமைந்தது. முறையறிந்து இறை கொள்ளும் அரசுக்கும் வயலில் தானே புகுந்து மிதித்தழிக்கும் யானையைப் போன்ற அரசுக்கும் உள்ள வேறுபாட்டை அது மன்னனுக்கு உணர்த்துகிறது. இனிச் செய்ய வேண்டியதை முன்வைத்துத் தலைவனிடம் பேசும்போது தரத்தக்கது அறிவுரையே அன்றிப் பரிசு அன்று என்பது இதனால் பெறப்படும்.

3. காஞ்சியின் கற்சுவர்களில் பட்டங்கள்

காஞ்சிக் கைலாசநாதர் கோயில் இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்மனால் கி.பி. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பப்பட்டது. அதன் திருச்சுற்றில் வரிசையாக அமைந்த சிற்றாலயங்களில் அம்மன்னனின் விருதுப்பெயர்கள் ஏறத்தாழ 250 பொறிக்கப்பட்டுள்ளன. 'விருது' என்னும் சொல்லே 'பிருது' என வழங்கும் பட்டப்பெயர் வழக்கோடு தொடர்புடையது என்பதும் நினைக்கத்தக்கது. இப்பெயர்களுள் 'இரணசயன்' போல வினையைச் சுட்டுவன உண்டு. 'அத்யந்தகாமன்', அதாவது எல்லையற்ற விருப்பமுடையவன், என எண்ணத்தைச் சுட்டுவனவும் உண்டு. இவை மன்னன் தானே தனக்குச் சூட்டிக்கொண்டவை, அல்லது அவனுடைய அவையினர் சூட்டியவை.

இதனோடு முதலாம் நரசிம்மவர்மனுக்கு வழங்கிய 'வாதாபி கொண்ட' என்னும் அடையை ஒப்பிடலாம். சாளுக்கியரின் தலைநகரைக் கைப்பற்றிய நிகழ்விலிருந்து பிறந்த பெயர் அது. அம்மன்னனுக்கு இரு நூற்றாண்டுகள் பின்னர்ப் பொறிக்கப்பட்ட திருக்கழுக்குன்றத்துச் சோழர் காலக் கல்வெட்டு, பழைய அறக்கொடை ஒன்றைப் பற்றிப் பேசுகையில் 'வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர்' என்றே அவனைச் சுட்டுகிறது. ஆட்சி மாறி, மரபு மாறிய பின்னும் வினையால் வந்த பெயர் பிறர் வாயில் வாழ்ந்தது. இராசசிம்மனுக்கும் இந்நியதி பொருந்துகிறது. அவன் கட்டிய கோயிலைச் சோழர் காலக் கல்வெட்டுகள் 'கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி' என அழைக்கின்றன. 250 பட்டங்களைக் காட்டிலும் கற்றளியே அடுத்த தலைமுறையினரின் கண்ணில் பெரிதாக நின்றது.

அதே கோயிலில் மற்றொரு சான்றும் உள்ளது. காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு, அவன் இக்கோயிலின் செல்வத்தைக் கண்டபின் அதனைக் கவராது இறைவனுக்கே திரும்ப அளித்ததைப் பதிவு செய்கிறது. பகைநாட்டு மன்னன் ஒருவனின் பெருமை பல்லவனின் கோயிலிலேயே நிலைத்தமைக்குக் காரணம் நல்லெண்ணம் பற்றிய அறிவிப்பு அன்று, செய்யப்பட்ட செயல்.

சோழர் மெய்க்கீர்த்திகளும் இதையே காட்டுகின்றன. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி ஆட்சியாண்டுகள் கூடக் கூட நீள்கிறது. ஒவ்வொரு வெற்றியும் நிகழ்ந்தபின் சேர்க்கப்படுவதால், ஆண்டு சிதைந்த கல்வெட்டின் காலத்தையும் அதன் துணையால் ஆய்வாளர்கள் கணிக்க முடிகிறது. மெய்க்கீர்த்திகளில் மிகைக்கூற்று இல்லை என்பதன்று. ஆனால் மிகைப்படுத்தப்பட்டதும் நிகழ்ந்ததாகவே கூறப்பட்டது. நிகழப் போவது புகழாக எழுதப்படவில்லை.

4. பூசலார்: எதிர்ச்சான்று

மேற்கண்ட முடிவுக்கு எதிராக வலுவான சான்று ஒன்றும் காஞ்சியிலேயே உண்டு. சேக்கிழார் பாடிய பூசலார் வரலாறு அது. திருநின்றவூரைச் சேர்ந்த பூசலார் இறைவனுக்குக் கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடி அலைகிறார். பொருள் கிட்டவில்லை. பின்னர் மனத்திலேயே கோயில் கட்டத் தொடங்குகிறார். அதே காலத்தில் காடவர் கோமான் காஞ்சியில் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறான். இறைவன் அவன் கனவில் தோன்றி, அந்நாளில் பூசலாரின் கோயிலில் தாம் புகவிருப்பதால் வேறொரு நாள் குறிக்குமாறு பணிக்கிறான். மன்னன் திருநின்றவூர் சென்று, கோயில் கல்லால் ஆனதன்று என்பதை அறிந்து, அடியாரை வணங்கி மீள்கிறான். எண்ணம் இங்கே செயலினும் முற்பட்டு நிற்கிறது.

இவ்வரலாற்றை எண்ணத்திற்கே விருது என்னும் கொள்கைக்கு ஆதரவாகக் கொள்ள இயலுமா? மூன்று கூறுகளைக் கருத வேண்டும். முதலாவது, பூசலாரிடம் கட்டுவதற்கு வேண்டிய பொருள் இல்லை. அவர் முயன்று, இயலாத நிலையிலேயே மனக்கோயிலை நாடினார். கட்டும் வாய்ப்பிருந்த மன்னன் கட்டியே காட்டினான். மன்னன் கல்லால் கட்டாமல் மனத்தில் மட்டும் கட்டியிருந்தால் இவ்வரலாறு அவனைப் போற்றியிராது. இரண்டாவது, பூசலாரின் எண்ணம் வெறும் விருப்பம் அன்று. நல்ல நாளில் அடித்தளமிட்டு, விமானம், கிணறு, மதில் என ஒவ்வொன்றாக நெடுநாள் முயன்று முடித்த உழைப்பாகவே அது சித்திரிக்கப்படுகிறது. மூன்றாவது, அவ்வெண்ணத்தை மதிப்பிட்டவன் உள்ளத்தை உள்ளவாறு காணவல்ல இறைவன். மனிதர் அமைக்கும் குழுவுக்கு அவ்வாற்றல் இல்லை. அது காணக்கூடியது உரையையும் செயலையும் மட்டுமே. ஆகவே பூசலார் வரலாறு வாய்ப்பற்றவரின் எண்ணத்தை உயர்த்துகிறதேயன்றி, வாய்ப்புள்ளவரின் எண்ணத்திற்குச் சலுகை தரவில்லை.

திருக்குறளும் இவ்வகையிலேயே பொருந்துகிறது. உயர்வாக எண்ணுதல் கைகூடாவிடினும் கைகூடியதற்கு ஒப்பாகும் என ஊக்கமுடைமை அதிகாரம் கூறுகிறது. முயலைக் கொன்ற அம்பினும் யானை மேல் எறிந்து தவறிய வேலை ஏந்துதல் இனிது எனப் படைச்செருக்கு கூறுகிறது. சொல்லுதல் எளிது, சொன்னவாறு செய்தலே அரிது என வினைத்திட்பம் கூறுகிறது. இவை முரண்பட்டவை அல்ல. வேல் எறியப்பட்ட பின்னரே தவறுகிறது. எறியாத வேலுக்கு வள்ளுவர் சிறப்புத் தரவில்லை.

5. அறிஞர் அண்ணா: இலட்சியமும் நிச்சயமும்

காஞ்சிபுரத்தில் 1909 செப்டம்பர் 15 அன்று பிறந்த சி. என். அண்ணாதுரை, 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம் என்றும் ஒரு படி நிச்சயம் என்றும் அறிவித்தார். அரசியல் வாக்குறுதிகளின் வரலாற்றில் இவ்வறிவிப்பு தனித்த கவனத்துக்குரியது. எண்ணத்தையும் பொறுப்பேற்கும் அளவையும் ஒரே தொடரில் பிரித்துக் காட்டியதால், எதை வைத்துத் தம்மை அளக்க வேண்டும் என்பதை அவரே வாக்காளருக்குக் கூறிவிட்டார். ஆட்சிக்கு வந்தபின் ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. நிதிச்சுமை காரணமாக அது மாநிலம் முழுமைக்கும் விரிவடையவில்லை. அவர் தந்த அளவுகோலின்படியே நோக்கினால், நிச்சயம் என்றதும் ஒரு பகுதியே நிறைவேறியது எனல் வேண்டும்.

வேறு துறைகளில் நிலை வேறு. 1967இல் நிறைவேறி 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த இந்துத் திருமணச் சட்டத் திருத்தம் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. அதற்கு முன்னர் நடந்த அத்தகைய திருமணங்களும் செல்லுபடியாகும் என அது அறிவித்தது. நீதிமன்றத்தில் செல்லாதவை எனக் கருதப்பட்ட மணங்களால் உரிமை இழக்கும் நிலையில் இருந்த மனைவியரும் பிள்ளைகளும் இதனால் சட்டப் பாதுகாப்புப் பெற்றனர். 1968 சனவரி 23 அன்று சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை ஏற்றது. 1967 சூலை 18 அன்று நிறைவேறிய பெயர்மாற்றத் தீர்மானம் நாடாளுமன்றச் சட்டமாகி, 1969 சனவரி 14 முதல் 'தமிழ்நாடு' என்னும் பெயர் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் மூன்று வாரத்திற்குள், பிப்ரவரி 3 அன்று, அண்ணா மறைந்தார்.

அவர் வாழ்நாளில் பெற்ற சிறப்புகளுள் 1968இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வழங்கிய மதிப்புறு முனைவர் பட்டமும் அவ்வாண்டே யேல் பல்கலைக்கழகம் அளித்த சப் ஆய்வறிஞர் சிறப்பும் குறிப்பிடத்தக்கவை. அவை ஆட்சிக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டில் வந்தவை. ஆயினும் எழுத்து, மேடை, நாடகம், இதழியல் எனப் பல ஆண்டுப் பணி அவற்றின் பின்னணியில் இருந்தது. பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்படவில்லை. 1954இல் தொடங்கப்பட்ட அவ்விருதை மறைவுக்குப் பின்னரும் வழங்க 1955 முதல் விதி இடமளிக்கிறது. காமராசருக்கு 1976இலும் எம்.ஜி.ஆருக்கு 1988இலும் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அண்ணாவுக்கும் வழங்க வேண்டும் என்னும் கோரிக்கை தமிழகத்தில் தொடர்ந்து எழுகிறது.

அக்கோரிக்கையை முன்வைப்போர் இரு வகையில் வாதிடக்கூடும். அண்ணா நெடுநாள் வாழ்ந்திருந்தால் செய்திருக்கக்கூடியவற்றைக் கூறுவது ஒரு வகை. இரண்டு ஆண்டுக்கும் குறைவான ஆட்சியில் செய்து முடித்தவற்றைக் கூறுவது மற்றொரு வகை. முதல் வகை உணர்ச்சியால் வலுவுடையது, சான்றால் வலுவற்றது. இரண்டாம் வகைக்குச் சட்டங்களும் அவற்றால் பயன்பெற்ற குடும்பங்களும் சான்றாக உள்ளன. மறைந்த தலைவரை வாகையால் அளக்க முடியும்போது, நிறைவேறாத எண்ணங்களால் அளப்பது அவருக்குச் செய்யும் சிறப்பாகாது.

பெயர்மாற்ற வரலாற்றில் மற்றொருவரும் உள்ளார். அக்கோரிக்கைக்காக 1956இல் உண்ணாநோன்பிருந்து 76ஆம் நாளில் உயிர்நீத்த சங்கரலிங்கனார் அவர். அவர் கேட்டது அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. ஆட்சியதிகாரம் அவரிடம் இல்லை. தம்மிடம் இருந்த ஒன்றை, அதாவது உயிரை, அவர் எண்ணத்திற்கு விலையாகக் கொடுத்தார். பூசலாரைப் போலவே இவரை எண்ணத்தால் அளப்பது தகும். சட்டமியற்றும் அதிகாரம் பெற்றவர்களை அவ்வாறு அளக்க இயலாது.

6. உலகச் சான்றுகளும் அளவுகோலும்

இவ்வேறுபாட்டை நோபல் அமைதிப் பரிசின் வரலாற்றில் பொருத்திப் பார்க்கலாம். செருமனியின் மறைமுகப் படைப்பெருக்கத்தை வெளிப்படுத்தி, நாசி ஆட்சியில் சிறைப்பட்ட கார்ல் வான் ஒசியெட்ஸ்கிக்கு 1935ஆம் ஆண்டுக்கான பரிசு வழங்கப்பட்டது. அவர் எண்ணியது நிறைவேறவில்லை. ஆனால் அவ்வெண்ணத்திற்குரிய விலையை அவர் செலுத்தியிருந்தார். ஆங் சான் சூ கி 1991இல் பரிசு பெற்றபோது வீட்டுக்காவலில் இருந்தார். பின்னர் ஆட்சிப் பொறுப்பில் இருந்தபோது ரோகிங்கியர் துயரில் அவர் காட்டிய நிலைப்பாடு கடும் கண்டனத்துக்குள்ளானது. அதிகாரமற்ற நிலையில் பெற்ற விருது, அதிகாரம் பெற்றபின் நடத்தைக்கு உறுதிச்சீட்டு ஆகாது என்பதற்கு இது சான்று.

ஆட்சியில் இருந்தவர்களுள் வில்லி பிராண்ட் 1971இல் பரிசு பெற்றார். சோவியத் ஒன்றியத்தோடும் போலந்தோடும் அவர் அரசு 1970இல் ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டிருந்தது. அவை மேற்கு செருமன் நாடாளுமன்றத்தின் ஏற்பைப் பெற்றது 1972இல்தான். வினை தொடங்கி, முடியாத நிலை அது. எத்தியோப்பியப் பிரதமர் அபிய் அகமது எரித்திரியாவோடு 2018இல் செய்த அமைதி உடன்பாட்டிற்காக 2019இல் பரிசு பெற்றார். 2020 நவம்பரில் திக்ரே பகுதியில் போர் மூண்டது. செயலே நிகழ்ந்திருந்தாலும், அது நிலைபெறும் காலம் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது. எதிர்நிலையில், பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் காந்தியடிகளுக்கு அப்பரிசு வழங்கப்படவே இல்லை. மிகுந்த தயக்கமும் பிழையில் முடியலாம் என்பதற்கு அதுவே சான்று.

இவற்றிலிருந்து மூன்று வினாக்களை அளவுகோலாக வகுக்கலாம். எண்ணியதைச் செய்யும் அதிகாரம் அவரிடம் இருந்ததா? அவ்வெண்ணத்திற்காக அவர் எதையேனும் இழக்கத் துணிந்தாரா? அவர் செய்தது அவர் விலகிய பின்னும் நிற்கும் சட்டமாகவோ நிறுவனமாகவோ மக்கள் வாழ்வின் மாற்றமாகவோ உருப்பெற்றதா? முதல் வினாவுக்கு ஆம் என்பது விடையாயின் மூன்றாவதே தீர்ப்புக்குரியது. இல்லை என்பது விடையாயின் இரண்டாவது போதும். இவ்வளவுகோலின்படி 2009ஆம் ஆண்டுப் பரிசு காலத்தால் முந்தியது. 2010 ஏப்ரலில் உருசியாவோடு கையொப்பமான அணு ஆயுதக் குறைப்பு ஒப்பந்தத்திற்குப் பின்னர் அது வழங்கப்பட்டிருப்பின் விவாதத்தின் தன்மையே மாறியிருக்கும்.

7. முடிவுரை

தமிழ்ப் புறமரபு வஞ்சினத்தை மதித்தது. ஆயின் அதனை வாகையோடு குழப்பவில்லை. வஞ்சினம் கூறியவன் தன் புகழையே பிணையாக வைத்தான். தொடங்குவோனுக்குச் செவியறிவுறூஉவும் முடித்தோனுக்கு வாகையும் உரியவாயின. காஞ்சியின் கல்வெட்டுகளில் பிறரால் நினைக்கப்பட்டவை வினைவழிப் பெயர்களே. பூசலார் வரலாறு இதற்கு விலக்கன்று. அதிகாரமற்றவர்க்குரிய தனி நெறியைக் காட்டுவது.

இன்றைய மக்களாட்சியில் இவ்வேறுபாட்டின் தேவை கூடியுள்ளது. ஆட்சியாளரின் எண்ணத்திற்கு முன்கூட்டியே விருது அளிக்கும்போது, அதை நிறைவேற்றினாரா எனக் கேட்கும் குடிமக்களின் உரிமை தளர்கிறது. புகழ் முன்னரே தரப்பட்டுவிட்டதால் கடனைக் கேட்க ஆளில்லாமல் போகிறது. அண்ணா இலட்சியத்தையும் நிச்சயத்தையும் பிரித்துச் சொன்னது அவ்வுரிமையை மக்களிடமே விட்டது. விருதுக் குழுக்களும் அவ்விரண்டையும் பிரித்தறிந்து, நிச்சயமானதற்கே விருது அளித்தல் தகும். பாரத ரத்னா உள்ளிட்ட இந்திய விருதுகளின் தேர்வு முறைகளைப் புறப்பொருள் நோக்கில் விரிவாக ஒப்பிடுவதற்கு மேலாய்வுக் களம் உள்ளது.